வரைபடத்தின் பின்னால் ஒரு குளவிக்கூடு

கர்நாடகாவில், ஹோசூர் ரோட்டை ஒட்டிய சந்தாபுராவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் பார்ட்டி ஹாலில் சென்ற செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கமித்ரா தன் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தபோது பெண்கள் கைதட்டினார்கள். குழந்தைகள் தட்டவில்லை. அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது.

"மிஸ், அந்தத் தம்பிப் பாப்பா கூட்டுல எந்த ரூம்ல இருந்துச்சு?" என்று கேட்டாள் வைஷ்ணவி என்ற இரண்டாம் வகுப்புச் சிறுமி.

"பாப்பா கூட்டுல இல்லடா. ஆஸ்பத்திரியில பொறந்துச்சு."

"அப்போ ஏன் குளவி பறந்த உடனே வந்துச்சு?"

சங்கமித்ராவுக்கு வயது நாற்பத்தாறு. நான்கு புத்தகங்கள் எழுதியிருக்கிறாள். இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறாள். தான் எழுதிய பக்கத்தைப் பற்றி ஒரு குழந்தை கேட்டதற்குப் பதில் தெரியாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

புத்தகத்தின் பெயர் 'வாடகை தராத குளவி'. ஆஸ்டின் டவுனில் ஒரு வாடகை வீட்டுச் சுவரில் குளவி மண்கூடு கட்டுகிறது. வீட்டுச் சிறுமி தினமும் அதைப் பார்த்துக் குறித்து வைக்கிறாள். தாய்க்குளவி சிலந்திகளைக் கொட்டி மயக்கி உள்ளே அடைக்கிறது, முட்டையிடுகிறது, மண்ணால் மூடிவிட்டுப் போய்விடுகிறது. புழு சிலந்தியைத் தின்று வளர்கிறது. ஒரு நாள் மண்ணைக் கடித்துத் துளைபோட்டுப் புதுக் குளவி வெளியே வருகிறது. அதே நாளில் சிறுமியின் அம்மா தம்பிப் பாப்பாவோடு வீடு திரும்புகிறாள். கதை முடிந்தது.

கைதட்டிய பெண்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சூப்பர் மேடம். எங்க அம்மாவும் இதேதான் சொல்லுவாங்க. குளவி கூடு கட்டுன வீட்டுல குழந்தை தங்கும்னு."

"செம்மண்ணுல கட்டுனா பொண்ணு. கறுப்பு மண்ணுன்னா பையன்."

"நீ மாத்திச் சொல்ற. செம்மண்ணுதான் பையன்."

"எங்க சித்தி வீட்டுல கறுப்புதான் கட்டுச்சு. பையன்தான் பொறந்தான்."

வேடிக்கைக்குப் பேசுகிறார்கள் என்று நினைத்து சங்கமித்ரா சிரித்தாள். அவர்கள் சிரிக்கவில்லை. கொண்டுபோயிருந்த புத்தகங்கள் கால் மணி நேரத்தில் தீர்ந்தன. வாங்கியவர்களில் பாதிப் பேர் பக்கத்தில் குழந்தையே இல்லை என்பதை அவள் கவனித்தாள். ஏன் என்று புரியவில்லை. ஒரு பெண் மட்டும் கடைசிப் பக்கத்தைக் கையெழுத்துக்கு நீட்டினாள். "பேரு லாவண்யா மேடம்" என்றாள். முதல் பக்கத்தில்தான் போடுவது வழக்கம் என்று சங்கமித்ரா சொன்னாள். "இதுலயே போடுங்க" என்றாள் லாவண்யா.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்காமல் போனதற்குக் காரணம் அவள் வளர்ந்த வீடு.

அவள் அப்பா அய்யாவு ராணுவக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக பௌத்தம். சுவரில் புத்தர் படம் ஒன்று இருந்தது, அதற்குப் பூகூடப் போட மாட்டார்கள். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சகுனம், ராகுகாலம், பல்லி விழுந்தால் பலன் இதெல்லாம் வாசற்படிக்கு வெளியே. உறவுக்காரர்கள் யாராவது ஆரம்பித்தால், "அதத் தெருவுல நின்னு பேசி முடிச்சிட்டு வாம்மா, டீ ஆறாது" என்று அய்யாவு அனுப்பிவிடுவார். மகளை மூடநம்பிக்கை இல்லாமல் வளர்த்தார். எந்த அளவுக்கு என்றால், நாட்டில் என்னென்ன மூடநம்பிக்கைகள் புழங்குகின்றன என்பதே மகளுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் இந்தத் தவறு. குளவி தான் பிடித்து அடைத்த புழுவையே தன் இனமாக மாற்றிவிடுகிறது என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அது பொய் என்று குழந்தைகளுக்குக் காட்டத்தான் அவள் இந்தப் புத்தகத்தை எழுதினாள். சென்னைப் பதிப்பாளர் கண்ணா கைப்பிரதியைப் படித்துவிட்டு, "எல்லாம் சரி மேடம், முடிவு காய்ஞ்சு கெடக்கு. குழந்தைங்களுக்கு சந்தோஷமா ஏதாச்சும் குடுங்க" என்றார். யோசித்துப் பார்த்து மூன்று வரியில் தம்பிப் பாப்பாவைச் சேர்த்தாள். ஒரு பக்கம் குளவிக் குஞ்சு, ஒரு பக்கம் மனிதக் குஞ்சு, அழகாக இருந்தது. ஒரு பொய்யை உடைக்கப் போனவள், தமிழ் வீடுகளில் பாதி நம்புகிற இன்னொரு பொய்க்குப் படம் போட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டாள்.

விவேக் நகரில் ஒரு சிறிய பள்ளியில் அவளுக்கு வேலை. தமிழும் சுற்றுச்சூழலும் நடத்துகிறாள். தமிழ் படிக்க வரும் பிள்ளைகள் வருடா வருடம் குறைகிறார்கள். குறையக் குறைய அவளிடம் வேறு பாடங்களைத் தள்ளினார்கள். சுற்றுச்சூழல் அப்படி வந்ததுதான். அதிலிருந்துதான் குளவிப் பழக்கம். பதினெட்டு வருடமாக நோட்டுப் போட்டுக் குறிக்கிறாள். கூடு கட்டிய தேதி, இடம், அறைகள் எத்தனை, கடைசியில் யார் வெளியே வந்தார்கள். அவளுடைய வீட்டில் டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு கூடு, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் இரண்டு. புருஷன் நாகேஷின் மழைக்கோட்டுப் பையில் ஒன்று இருந்ததால், அவன் ஒரு ஜூன் மாதம் முழுக்க நனைந்துகொண்டே வேலைக்குப் போனான். நாகேஷ் டவுன்பஸ் டெப்போவில் மெக்கானிக்.

இத்தனை கூடுகள் இருந்த வீட்டில் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் ஐந்தாறு வருடம் எதிர்பார்த்தார்கள். பிறகு எதிர்பார்ப்பது தானாக நின்றது. டெஸ்ட் எடுக்கலாமா என்று அவள் ஒரு முறை கேட்டாள். "எடுத்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரு வெளிய வரும் மித்ரா. அந்தப் பேரு இன்னாத்துக்கு நமக்கு?" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்டோபர் முதல் வாரம், மதிய இடைவேளையில், பள்ளிக்கூடத்து வராண்டாவில் லாவண்யா வந்து நின்றாள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதிக்கும் வேலை, ஊர் ஆரணி. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"மேடம், உங்க புக்ல ஆசிரியர் குறிப்புல, ஸ்கூல்ல ஒரு மேப்புக்குப் பின்னாடி வருஷா வருஷம் குளவி கூடு கட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. அது வேணும்."

"பாக்கணுமா? வா, காட்டுறேன்."

"பாக்க இல்ல. எடுத்துட்டுப் போக."

சங்கமித்ராவுக்கு விளங்கவில்லை. லாவண்யா உட்கார்ந்து, பிழைப் பட்டியல் வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கல்யாணமாகி ஏழு வருடம். புருஷன் பெயர் ரகுராம். அவள் எல்லா டெஸ்ட்டும் இரண்டு தடவை எடுத்துவிட்டாள், ஒன்றுமில்லை. ரகுராம் ஒன்றுகூட எடுக்கவில்லை. கேட்டால் இரண்டு நாள் பேச மாட்டான். மாமியார் வனஜா ஆயுத பூஜைக்கு வருகிறார். இந்த முறை, லாவண்யா கொஞ்ச நாள் ஆரணியில் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்ற பேச்சோடு வருகிறார். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று லாவண்யாவுக்குத் தெரியும். ரகுராமுக்கும் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"வீட்டுல குளவி கட்டியிருந்தா அத்தை இன்னும் ஒரு வருஷம் பொறுப்பாங்க மேடம். எனக்கு நல்லாத் தெரியும்."

"நீ இத நம்புறியாம்மா?"

"சேச்சே. நான் எம்.எஸ்சி. மேடம்."

"அப்புறம்?"

"அவங்க நம்புறாங்கல்ல. அது போதும்."

சங்கமித்ராவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சம்பளத்தில் பாதியை வீட்டுக் கடனுக்குக் கட்டுகிற பெண். அவளை அந்த வீட்டிலிருந்து அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு பூச்சி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. டெஸ்ட் எடுக்காதவன் தலைநிமிர்ந்து இருக்கிறான். எடுத்துத் தேறியவள் மண்ணுருண்டைக்கு அலைகிறாள். இதில் அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதிய தன் கை எங்கே இருக்கிறது?

"பொய்யாச்சேம்மா" என்றாள்.

"உங்க புக்ல இருக்கே மேடம்" என்றாள் லாவண்யா. குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நாகேஷிடம் சொன்னாள். அவன் சப்பாத்தியைச் சுட்டுக்கொண்டே கேட்டான்.

"குடுத்துட்டுப் போயேன். ஒரு மண்ணுருண்டை."

"குடுத்தா இன்னொரு கெழவி நம்புவா. அவ பத்துப் பேருகிட்ட சொல்லுவா."

"அப்போ குடுக்காத."

"குடுக்கலன்னா அந்தப் பொண்ணு?"

"அப்போ குடு."

"நாகேஷு, வெளையாடாத."

"நான் இன்னா வெளையாடுறேன்? நீதான் ரெண்டு பக்கமும் நின்னு பந்து அடிக்கிற." சப்பாத்தியைத் திருப்பிப் போட்டான். "மாமா இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?"

அய்யாவு என்ன சொல்லியிருப்பார் என்று அவள் யோசித்தாள். தெருவில் நின்று பேசிவிட்டு வா என்றுதான் சொல்லியிருப்பார். தெருவில் நிற்க வைக்கப்படப் போகிற பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

மறுநாள் கண்ணாவுக்குப் போன் செய்து, அடுத்த பதிப்பில் கடைசிப் பக்கத்தை மாற்ற வேண்டும் என்றாள்.

"ஐயோ மேடம், வேண்டாம். அந்தப் பக்கத்துக்குத்தான் புக்கே போகுது. வளைகாப்புக்கு வாங்கிக் குடுக்குறாங்க. கல்யாணத்துக்குக்கூட வாங்குறாங்க."

"அது குழந்தைங்க புத்தகம் கண்ணா."

"குழந்தை வேணும்கிறவங்களும் படிக்கிறாங்க. தப்பா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை வரை நான்கு முடிவுகள் எழுதினாள். நான்கையும் அடித்தாள்.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும், ஐந்தாம் வகுப்புச் சுவரிலிருந்து கர்நாடகா வரைபடத்தைக் கழற்றினாள். மரச்சட்டம் போட்ட பெரிய வரைபடம். பின்பக்கம், மேல் மூலையில், அடைபட்ட ஐந்து அறைகளோடு கூடு. சுவரில் இருந்திருந்தால் பெயர்க்கும்போதே உடைந்து உள்ளேயிருக்கும் புழு செத்திருக்கும். சட்டத்தோடு கொண்டுபோனால் ஒன்றும் ஆகாது. பொருள் பதிவேட்டில் 'வரைபடம் ஒன்று, வெளிப் பாடத்துக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கொடுக்கப் போகிறோமா, காட்டப் போகிறோமா, போய் உண்மையைச் சொல்லிவிட்டுத் திரும்பப் போகிறோமா என்று அப்போதும் அவளுக்குத் தெரியாது.

அத்திப்பள்ளி பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தார்.

"ஏனம்மா இது?" இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார்.

"கர்நாடகா."

"பூர்த்தி தகொண்டு ஹோக்தீரா?" முழுசையும் தூக்கிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டுவிட்டு, பஸ்ஸே சிரிக்க, லக்கேஜ் டிக்கெட் போட்டார். "நிமகே ஃப்ரீ. கர்நாடகாக்கே ஃப்ரீ இல்லா." அவளுக்குத்தான் இலவசம், கர்நாடகாவுக்கு இல்லையாம்.

ஹோசூர் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் சட்டத்தை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஐந்து பேர் தூங்குகிறார்கள்.

குடியிருப்பு வாசலில் காவலாளி அவளையும் அவள் சுமையையும் பார்த்தான். "வீட்டு வேலையா? மெய்டு என்ட்ரி அந்தப் பக்கம். சர்வீஸ் லிஃப்ட்டுல போ." போன மாதம் இதே வாசலில் இதே புடவையில் எழுத்தாளராக அவள் வந்தபோது குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் கூட இருந்தார்கள், அதனால் கேட்கவில்லை. எத்தனை தலைமுறை படித்தாலும் சில முகங்களுக்கு சர்வீஸ் லிஃப்ட்தான் என்று இந்த நாட்டில் யாரும் எழுதி வைப்பதில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்குச் சண்டை போடத் தெரியும். சண்டை போட்டால் கூடு ஆடும். சர்வீஸ் லிஃப்ட்டிலேயே போனாள்.

கதவைத் திறந்தது லாவண்யா இல்லை. அறுபது வயது அம்மாள். வனஜா இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்தார். பின்னால் லாவண்யா முகம் வெளுத்து நின்றாள்.

"யாரும்மா?"

"நான்... டீச்சர். மேப்பு கொண்டுவந்தேன்."

"எங்க வீட்டுல படிக்கிற பிள்ளை எது, மேப்பு மாட்ட?" என்றார் வனஜா. சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்தார்.

சங்கமித்ரா வரைபடத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவசரத்தில் முன்பக்கம் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள். பின்பக்கம் கூடத்தைப் பார்த்தது. வனஜா குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர்.

"ஏம்மா, இது எங்க கட்டுச்சு?"

லாவண்யா கண்ணால் கெஞ்சினாள். சங்கமித்ரா அவளைப் பார்க்காமல் சொன்னாள். "என் ஸ்கூல்ல. விவேக் நகர்ல. இந்த வீட்டுல கட்டல."

உண்மையைச் சொல்லியாயிற்று. பாரம் இறங்கும் என்று நினைத்தாள். வனஜா கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியாடி! கட்டுன கூடு தானா வீடு தேடி வருது. நம்ம வீட்டுல கட்டியிருந்தாக்கூட இம்மாம் விசேஷம் இல்ல."

சங்கமித்ரா பொய் சொல்லவில்லை; உண்மையைத்தான் சொன்னாள்; அந்த உண்மையையே நம்பிக்கை எடுத்து விழுங்கிவிட்டது. விழுங்கியதில் நம்பிக்கை இன்னும் பெருத்துவிட்டது. உள்ளறையில் ரகுராம் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தான். கதவு திறந்துதான் இருந்தது. இந்தப் பேச்சு தனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, கூட்டுக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்ல" என்றாள் சங்கமித்ரா. "எங்க வீடு பூரா குளவிக்கூடு. பதினெட்டு வருஷமா நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். எனக்குப் பிள்ளை இல்ல."

இப்படி ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. தன் கைவசம் இருக்கிற ஒரே ஆதாரம் தன் உடம்புதான் என்பது அதைச் சொல்லும்போதுதான் தெரிந்தது.

வனஜா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஐயோ பாவமே. யாருக்குக் குறை? உனக்கா?"

இந்தக் கேள்வி எப்போதும் இப்படித்தான் முடிகிறது. உனக்கா. சங்கமித்ரா திறந்த கதவைப் பார்த்தாள். ஹெட்போனைப் பார்த்தாள்.

"அவருக்கு" என்றாள். குரல் உயர்ந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு. அவரே போய் டெஸ்ட் எடுத்தாரு. நான் சொல்லவே இல்ல. மொதல்ல நான் எடுக்கிறேன், உனக்கு எதுக்கு ஊசி வலின்னு சொல்லிட்டுப் போனாரு."

"ஆம்பளையா போயி எடுத்துக்கிட்டான்?"

"எடுத்தாரு."

"என்ன உத்தியோகம்?"

"பஸ் மெக்கானிக்."

"மெக்கானிக்கா" என்றார் வனஜா. மெல்லத் திரும்பி உள்ளறையைப் பார்த்தார். ரகுராம் ஹெட்போனைக் கழற்றியிருந்தான். மீட்டிங்கில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த சத்தம் ஈயின் சத்தம் போலக் கூடம் வரை கேட்டது.

கடைசியில் வனஜா சொன்ன தீர்ப்பு இது. "குளவி வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். வந்த மறுநாளு நல்ல நாளு. அன்னிக்கு இவனும் போயி எடுக்கட்டும்."

அத்தையைச் சமாளிக்கக் கேட்ட கூடு அத்தையை மூன்று வாரம் இருத்திவிட்டது. லாவண்யா லிஃப்ட் வரை வந்தாள். "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க" என்றாள். உடனே, "தேங்க்ஸ் மேடம்" என்றாள். எதற்கு எது என்று இருவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் நாகேஷ் தகர டப்பாவில் கைகழுவும் சோப்புத்தூளைத் தேடிக்கொண்டிருந்தான்.

"நாகேஷு, உன் பேருல ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வந்துட்டேன்."

"இன்னா டெஸ்ட்டு?"

சொன்னாள். முழுவதையும் சொன்னாள். அவன் கிரீஸ் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"பாஸா, ஃபெயிலா?"

"...ஃபெயில்."

"அதான பாத்தேன்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. வெகுநேரம் கையைக் கழுவினான். கழுவி முடித்த கையை மறுபடி கழுவினான். குளவியைப் பற்றி ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்று நான்கு நாள் தூங்காதவள், புருஷனைப் பற்றி ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். இருபது வருடமாக இருவரும் சேர்ந்து மூடி வைத்த ஓர் அறையை, யாரோ ஒரு வீட்டின் கூடத்தில் உடைத்துப் போட்டாள். சரியா தவறா என்று கேட்க அவளுக்கு இருந்த ஒரே ஆள் நாகேஷ். அவனிடமே கேட்க முடியவில்லை.

பதினெட்டாம் நாள் லாவண்யா ஒரு வீடியோ அனுப்பினாள். கூட்டில் துளை. துளைக்குப் பக்கத்தில், மயில் கழுத்தின் பச்சையும் நீலமும் மினுங்கும் ஒரு சிறு குளவி. பின்னணியில் வனஜாவின் குரல்: "மரகதம்டி! மரகதம்!"

சங்கமித்ரா உடனே கூப்பிட்டாள். "லாவண்யா, அது அந்தக் கூட்டோட குஞ்சு இல்ல. இது வேற சாதிப் பூச்சி. அடுத்தவ கூட்டுல திருட்டுத்தனமா முட்டை போடும். உள்ள இருந்த குஞ்சத் தின்னுட்டு வெளிய வந்திருக்கு."

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம். பிறகு கிசுகிசுப்பு. "அத்தைகிட்ட இதச் சொல்லிராதீங்க மேடம். நாளைக்கு ஒன்பது மணிக்கு இவருக்கு அப்பாயின்ட்மென்ட்."

நோட்டை எடுத்தாள். தேதி, இடம், அறை எல்லாம் எழுதினாள். யார் வெளியே வந்தது என்ற கட்டத்தில் பச்சைக் குளவி என்று எழுதினாள். ரகுராம் எதனால் போகிறான்? கூட்டினாலா? மெக்கானிக் எடுத்தான் என்ற கூச்சத்தினாலா? அந்த மெக்கானிக்கின் இல்லாத டெஸ்ட்டினாலா? மூன்றில் இரண்டு பொய். மீதியுள்ள கூச்சம், அந்த இரண்டிலிருந்து பிறந்தது. காரணத்துக்கு அவள் நோட்டில் கட்டம் இல்லை. ஒன்று வரைந்து பார்த்தாள். காலியாகவே விட்டாள்.

ஐந்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"மேடம், ரிப்போர்ட் வந்துருச்சு. அத்தை கவரைப் பிரிக்காம சாமி படத்துகிட்ட வெச்சாங்க. நான் பிரிச்சுட்டேன்." லாவண்யாவின் குரல் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருந்தது. "அவருக்குத்தான் கம்மியா இருக்காம். மருந்து இருக்காம். என் மேல இல்ல மேடம்."

யார் மேலும் இல்லை, இது குறை இல்லை, காய்ச்சல் மாதிரி ஒன்று என்று சொல்ல சங்கமித்ரா நினைத்தாள். ஏழு வருடம் சுமந்தவள் இறக்கி வைக்கிற நேரத்தில் அந்தப் பாடத்தை நடத்த வாய் வரவில்லை. "அத்தை என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. பெட்டியக் கட்டிட்டாங்க. போறப்போ அவர்கிட்ட மட்டும், வேளாவேளைக்கு மாத்திரை சாப்புடுன்னாங்க. ஆரணிக்கு நான் போகணும்கிற பேச்சே வரல."

"உன்கிட்ட?"

"என்கிட்டயா? பால் பாக்கெட்டு ஃப்ரிட்ஜுல இருக்குன்னாங்க."

ஏழு வருடத்துக்கு ஒரு பால் பாக்கெட். சங்கமித்ராவுக்குக் காது சூடானது. ஆனால் லாவண்யா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒரு சிக்கல். உங்க வீட்டுக்காரர் எந்த டாக்டர்கிட்ட காட்டுனாருன்னு இவர் கேக்குறாரு. சாரை நேர்ல பார்த்துப் பேசணுமாம். ஒரு ஆம்பளைகிட்ட கேட்டா தைரியமா இருக்கும்னு சொல்றாரு. ஞாயித்துக்கிழமை மேப்பைத் திருப்பிக் குடுக்க நாங்க ரெண்டு பேரும் வரட்டுமா?"

சங்கமித்ரா போனைக் கையால் மூடிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அவன் வர மாட்டான். மாத்திரையும் நிற்கலாம். சொல்லாவிட்டால் நாகேஷ் தன் வீட்டுக் கூடத்தில், முன்பின் தெரியாத ஒருவனிடம், தனக்கில்லாத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். இல்லாத ஒன்றா? அதுகூடத் தெரியாது.

எதிரே நாகேஷ் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். போனில் வந்தது எல்லாம் அவனுக்கும் கேட்டிருந்தது.

"நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்?" என்றான்.

"தெரியல."

"எப்போ போனேன்?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும்னு வெச்சுக்க."

"பயந்தேனா?"

அவள் யோசித்தாள். "பயந்த. ஆனா போன."

நாகேஷ் ஒரு வாய் சோறு சாப்பிட்டான். தண்ணீர் குடித்தான்.

"வரச் சொல்லு" என்றான். "ஆஸ்பத்திரி பேரு மறந்துபோச்சுன்னு சொல்லிக்கிறேன். பயந்ததைச் சொல்றேன், அது போதும் அவனுக்கு."

அவள் போனிலிருந்து கையை எடுத்தாள்.